“எதில் நூறு?”: பாப்பாவுக்கு வாங்கிய கணக்குப் பயிற்சிக் கட்டு

கோபிசெட்டிபாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் இந்தக் கட்டு கிடைக்கிறது. 64 தாள், ஸ்பைரல் பைண்டிங், 160 ரூபாய். தாள் ஒன்றுக்கு இரண்டரை ரூபாய் ஆகிறது. ஓய்வு பெற்ற ஒரு கணக்கு வாத்தியார் தானே கேள்விகளை எழுதி, டைப் அடித்துக் கடையில் கொடுத்து வைத்திருக்கிறார். அட்டையில் “விகிதம், சதவீதம், சராசரி: 6, 7, 8 வகுப்புகளுக்கு” என்று இருக்கிறது, எழுதியவர் பெயர் இல்லை. பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டாராம். நானும் போடவில்லை. காலாண்டு லீவில் வாங்கினேன். பொங்கலுக்கு முந்தின வாரம் கடைசித் தாள் முடிந்தது. முழுக்கப் போட்டுப் பார்க்காமல் எழுதக்கூடாது என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

என்னைப் பற்றி ஒரு வரி சொன்னால்தான் பின்னால் நான் சொல்லும் குறை புரியும். எங்கள் ஊர் பால் சொசைட்டியில் 9 வருடமாகப் பால் அளந்து, டெஸ்ட் எடுத்து, கணக்கு எழுதுகிறேன். பன்னிரண்டாவதோடு படிப்பு நின்றது. ஆனால் சதவீதமும் சராசரியும் காலையும் மாலையும் என் கையில் புழங்குகிற சமாச்சாரம். மகள் ஏழாம் வகுப்பு. இங்கே பாப்பா என்றே எழுதுகிறேன்.

பாப்பாவுக்குக் கணக்கு வராது என்று சொல்ல முடியாது. கூட்டல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் வேகமாகப் போடுவாள். எதை எதால் வகுப்பது என்பதில்தான் சிக்கல். “மேல எதக் கண்ணு போடுவ, கீழ எத?” என்று ஒரு நாள் கேட்டேன். “சின்னது மேலம்மா, பெருசு கீழ” என்றாள். இத்தனை நாளும் அவள் சரியாகப் போட்ட கணக்கெல்லாம் அப்படித்தான் வந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. 20 பேர் படிக்கிற வகுப்பில் 15 பேர் வந்தால் 75 சதவீதம்; சின்னது மேலே, சரி. 20 லிட்டர் கறந்த மாடு 25 லிட்டர் கறந்தால் போன மாதக் கறவையில் இது எத்தனை சதவீதம் என்று கேட்டால் அங்கேயும் சின்னதை மேலே வைத்து 80 என்பாள். அதற்கு முந்தைய வருடம் செல்போனில் ஒரு கணக்கு ஆப்பும் காசு கட்டிப் போட்டிருந்தோம். அதில் நாலு விடையில் ஒன்றைத் தொட்டால் நட்சத்திரம் விழும். நட்சத்திரம் நிறைய விழுந்தது, இந்தப் பழக்கம் மாறவில்லை.

இந்தக் கட்டை நான் மனதார மெச்சுவதற்குக் காரணம் இதிலுள்ள ஒரே ஒரு ஏற்பாடு. ஒவ்வொரு கேள்விக்கும் மேலே ஒரு காலிக் கோடு இருக்கிறது. விகிதக் கணக்கு என்றால் “எதுக்கு எது?”, சதவீதம் என்றால் “எதில் நூறு?”, சராசரி என்றால் “எத்தனை பங்கு?” என்று கேட்டு, அந்தக் கோட்டை நிரப்பிய பிறகுதான் கணக்குப் போட வேண்டும். கோட்டுக்குத் தனி மதிப்பெண். விடை தப்பானாலும் கோடு சரியானால் ஒரு மார்க், விடை சரியாகிக் கோடு காலியாக இருந்தால் சுழி. முதல் வாரம் பாப்பாவுக்கு இது பிடிக்கவேயில்லை. விடை சரியாகத்தானே இருக்கிறது என்று கண்ணில் தண்ணீர் விட்டாள். நான் விட்டுக் கொடுக்கவில்லை. மூன்றாவது வாரத்தில் நான் சொல்லாமலே கோட்டை நிரப்ப ஆரம்பித்தாள்.

விகிதம் 22 தாள். ஆறாம் வகுப்பு முதல் பருவப் புத்தகத்தில் வரும் விகிதமும் விகித சமமும், ஏழாம் வகுப்பில் வரும் நேர் விகிதம், எதிர் விகிதமும் இதில் சேர்ந்திருக்கின்றன. பள்ளிப் புத்தகத்தில் தலைப்பே இது நேர் விகிதம், இது எதிர் விகிதம் என்று காட்டிக் கொடுத்துவிடும். இங்கே கலந்து கட்டிப் போட்டிருக்கிறார். 6 பேர் 4 நாளில் களை எடுத்தால் 8 பேர் எத்தனை நாளில் எடுப்பார்கள் என்ற கேள்விக்கு அடுத்ததே, 6 கூடைக்கு 4 கட்டுக் கயிறு என்றால் 9 கூடைக்கு எத்தனை என்று வருகிறது. பிள்ளை நின்று யோசித்தே ஆக வேண்டும். ஒரு தாளின் ஓரத்தில், மூன்று தெரிந்தால் நாலாவதைக் கண்டுபிடிக்கும் இந்த முறையை ஆரியபட்டர் 499ஆம் ஆண்டிலேயே திரைராசிகம் என்று சொல்லியிருக்கிறார் என ஒரு குறிப்பு உண்டு. பாப்பா அதைப் பள்ளியில் போய் எல்லாருக்கும் சொல்லிவிட்டு வந்தாள்.

அரிசிம்பருப்புச் சாதக் கணக்கு அருமையானது. அரிசியும் பருப்பும் 4:1. பருப்பு அரிசியில் எத்தனை சதவீதம்? மொத்தத்தில் எத்தனை சதவீதம்? இரண்டுக்கும் ஒரே விடைதானே என்று பாப்பா இரண்டு இடத்திலும் 25 எழுதினாள். அடுப்படிக்குக் கூட்டிப்போய் நாலு டம்ளர் அரிசியும் ஒரு டம்ளர் துவரம்பருப்பும் அளந்து ஒரே முறத்தில் கொட்டினேன். “இப்ப முறத்துல மொத்தம் எத்தன டம்ளர் கண்ணு?” “அஞ்சு.” “அதுல பருப்பு?” “ஒண்ணு.” கொஞ்ச நேரம் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், “அப்ப இருவதும்மா” என்றாள். அரிசியில் பார்த்தால் 25, மொத்தத்தில் பார்த்தால் 20. பருப்பு அதே பருப்புதான். எதில் நூறு என்பது மாறினால் விடையும் மாறுகிறது என்பதை இதைவிட லேசாக யாரும் சொல்லித்தர முடியாது. அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் அந்தச் சாதம்தான்.

சாயப்பட்டறைக் கணக்கு ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறார், வாரம் ஒரு முறை வருவார். 250 கிலோ துணி, தண்ணீர் 1:8, சாயம் 2 சதவீதம், உப்பு லிட்டருக்கு 60 கிராம் என்பது கேள்வி. பாப்பா கோட்டிலேயே நின்றுவிட்டாள். “ஏப்பா, இது தண்ணீல ரெண்டா, துணீல ரெண்டா?” அவர் சட்டையைக் கூடக் கழற்றவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டார். “துணீல கண்ணு. சாயத்துக்குத் துணி எடைதான் கணக்கு. உப்புக்குத் தண்ணி கணக்கு. இத மாத்திப் போட்டா லாட்டே போயிரும்.” துணியில் 2 சதவீதம் என்றால் சாயம் 5 கிலோ. 250 கிலோவுக்கு எட்டு மடங்கு, தண்ணீர் 2000 லிட்டர். உப்பு 120 கிலோ. அந்த 120 கிலோவைப் பார்த்துவிட்டு பாப்பா, “இத்தன உப்பும் அப்பறம் எங்கப்பா போகும்?” என்று கேட்டாள். நொய்யல் ஆறு கெட்டதையும், ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி நின்றதையும், 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவில் பட்டறைகள் மூடிக் கிடந்ததையும், இப்போது தண்ணீரைச் சுத்தம் பண்ணித் திரும்ப எடுப்பதையும் அவர் சொல்லி முடிக்கும்போது மணி பத்து. அப்பாவும் மகளும் ஒரு கணக்கை நடுவில் வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை. 160 ரூபாய் எனக்கு அன்றைக்கே கழிந்துவிட்டது.

சதவீதம் 26 தாள். கட்டின் உயிர் இந்தப் பகுதிதான். ஏழாம் வகுப்பில் சதவீதமும் தனிவட்டியும் மூன்றாம் பருவத்தில்தான் வரும். முன்கூட்டியே தொட வேண்டுமா என்று யோசித்தேன். தொட்டது நல்லதாகப் போயிற்று.

துணிக்கடைக் கணக்குகள் எதிர்பார்த்தவைதான். 1500 ரூபாய்ச் சேலைக்கு 20 சதவீதம் விலை ஏற்றி, பிறகு ஆடியில் 20 சதவீதம் தள்ளினால் பழைய விலைக்கே வந்துவிடுமா? வராது. 1800 ஆகி, அதில் 360 போய் 1440. ஏற்றும்போது நூறு என்பது 1500, இறக்கும்போது நூறு என்பது 1800. அதே மாதிரி 50 சதவீதம் தள்ளுபடி, அதற்கு மேல் 20 சதவீதம் என்று போர்டு வைத்தால் 70 இல்லை, 60தான். தீபாவளிக்கு முன்னால் இந்தத் தாளைப் போட்டு முடித்தோம். கடையில் பாப்பா பில்லைக் கையில் வாங்கித் தானே கூட்டிப் பார்த்தாள்.

வட்டிக் கணக்குதான் என்னை உலுக்கியது. புத்தகத்தில் தனிவட்டி வாய்ப்பாடு ஆண்டுக்கு. நம் ஊரில் “ரெண்டு வட்டி” என்றால் நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபாய். வாத்தியார் அதையே கேள்வியாக வைத்திருக்கிறார்: “ஊரில் ரெண்டு வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கினால் ஓர் ஆண்டுக்கு வட்டி எவ்வளவு? புத்தகக் கணக்கில் இது எத்தனை சதவீதம்?” பாப்பா வாய்ப்பாட்டில் 2ஐப் போட்டு 200 ரூபாய் என்று எழுதினாள். மாசத்துக்கு 200, வருடத்துக்கு 2400, அதாவது 24 சதவீதம் என்று திருத்தும்போது எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. அப்பா படுக்கையில் இருந்த சமயம் அம்மா மூணு வட்டிக்கு 30,000 ரூபாய் வாங்கினார். மாசம் 900. மூன்று வருடம் விடாமல் கட்டினார். 32,400 ரூபாய் வட்டி மட்டும் போயிருந்தது, அசல் அப்படியே நின்றது. “மூணுதானே சாமி, கொஞ்சம்தான்” என்று அம்மா சொன்னது காதிலேயே இருக்கிறது. அந்த “மூணு” என்பது வருடத்துக்கு 36 சதவீதம் என்று அன்றைக்கு எங்கள் வீட்டில் சொல்ல ஆள் இல்லை. பாப்பாவிடம் இதைச் சொன்னேன். அந்தத் தாளின் ஓரத்தில் “மாசமா, வருசமா?” என்று சிவப்புப் பேனாவில் எழுதி வைத்திருக்கிறாள்.

இனி மஞ்சள் கணக்கு. 100 கிலோ பச்சை மஞ்சளில் 82 சதவீதம் ஈரம். வேக வைத்துக் காயப்போட்ட பிறகு ஈரம் 10 சதவீதம். காய்ந்த மஞ்சள் எத்தனை கிலோ? பாப்பா 82இல் 10ஐக் கழித்து 72, நூறில் 72ஐக் கழித்து 28 கிலோ என்றாள். உண்மையைச் சொன்னால் நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். வாசலில் கட்டிலில் இருந்த என் மாமனார் கேட்டுக்கொண்டே இருந்தவர், “இருபத்தெட்டு எங்க சாமி நிக்கும்? அஞ்சுக்கு ஒண்ணுதான் நிக்கும்” என்றார். நாற்பது வருடம் மஞ்சள் போட்டுக் களத்தில் காயவைத்தவர். கணக்கு எங்கே தப்பு என்று மூன்று பேரும் உட்கார்ந்தோம். கடைசியில் கோடுதான் காப்பாற்றியது. எதில் நூறு? முதல் 82, பச்சை மஞ்சளில். அடுத்த 10, காய்ந்த மஞ்சளில். இரண்டும் வேறு வேறு நூறு, ஒன்றில் ஒன்றைக் கழிக்க முடியாது. மாறாமல் இருப்பது ஈரம் போக உள்ள 18 கிலோ. காய்ந்த மஞ்சளில் அந்த 18 கிலோதான் 90 சதவீதம். அப்படியானால் மொத்தம் 20 கிலோ. நூறுக்கு இருபது, அஞ்சுக்கு ஒண்ணு. “அப்பாரு, நீங்க சொன்னதேதான் வருது!” என்று பாப்பா கத்தினாள். அவர் தாளை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, அந்த 20ஐ ரொம்ப நேரம் பார்த்தார்.

குறைகளுக்கு வருகிறேன். 31ஆவது தாளில் முட்டை விலை 4 ரூபாயிலிருந்து 5 ரூபாய் ஆனால் எத்தனை சதவீதம் உயர்வு என்று கேட்டு, விடைத்தாளில் 20 என்று அச்சாகியிருக்கிறது. சரியான விடை 25. ஏறிய ஒரு ரூபாயைப் பழைய விலையான நாலில் பார்க்க வேண்டும், ஐந்தில் பார்த்தால்தான் 20 வரும். பாப்பா 25 போட்டிருந்தாள். விடையைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதை அடித்து 20 என்று மாற்றி வைத்திருந்தாள். ஒரு அச்சுப் பிழை சரியாக யோசித்த பிள்ளையைத் தப்புக்குத் திருப்பிவிடுகிறது. அதனால்தான் இதை நான் சின்ன விஷயமாக விடவில்லை. கடையில் சொன்னேன். அடுத்த வாரம் போனபோது அங்கே இருந்த கட்டுகளில் எல்லாம் பேனாவால் திருத்தியிருந்தது. வாங்குகிறவர்கள் 31ஐ மட்டும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

தாள் மெல்லிசு. பின்பக்க எழுத்து இந்தப் பக்கம் தெரிகிறது. எழுதிப் பார்க்க இடம் போதாது, தனியாக ஒரு ரஃப் நோட்டு வேண்டும். வட்ட விளக்கப்படம் மூன்று இருக்கிறது. ஜெராக்ஸில் எல்லாப் பங்கும் ஒரே சாம்பல் நிறமாகி எது எது என்று தெரியவில்லை, நாங்கள் கலர் பென்சிலில் தீட்டிக்கொண்டோம். விடைகள் கடைசி 3 தாளில். அதைப் பிரித்து நான் பீரோவில் வைத்துக்கொண்டேன். முட்டைக் கணக்குக்கு அப்புறம்தான் அந்த யோசனை வந்தது, முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

பெரிய குறை சராசரிப் பகுதியில். 13 தாள்தான், அவசரமாக முடித்தது மாதிரி இருக்கிறது. நல்ல கணக்கு இல்லாமல் இல்லை. ஐந்து தேர்வில் சராசரி 72, ஆறாவதில் எவ்வளவு எடுத்தால் 75 ஆகும் என்பது அருமை: 450இல் 360ஐக் கழித்தால் 90. அறுபது கிலோமீட்டர் தூரம் 30 வேகத்தில் போய் 60 வேகத்தில் திரும்பினால் சராசரி வேகம் 45 இல்லை, 40 என்பதும் நன்றாக இருக்கிறது. போக இரண்டு மணி நேரம், வர ஒரு மணி நேரம். 120 கிலோமீட்டரை மூன்றாகப் பங்கு போட வேண்டும். ஆனால் 55ஆவது தாளில், “ஒரு வீட்டில் பசும்பாலில் ஃபேட் 4, எருமைப்பாலில் ஃபேட் 7. சராசரி ஃபேட் என்ன?” என்று கேட்டு 5.5 என்று விடை கொடுத்திருக்கிறார். ஃபேட் என்றால் பாலில் உள்ள கொழுப்பின் சதவீதம். எத்தனை லிட்டர் என்று கேள்வியில் இல்லவே இல்லை.

இதை நான் சும்மா விட முடியாது. சொசைட்டியில் இதே கணக்குக்காக என்னோடு சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. ஒரு அம்மா ஒரு நாள் பசுவும் எருமையும் ஒரே கேனில் ஊற்றிக் கொண்டுவந்தார். மெஷினில் 4.6 காட்டியது. “ஏனுங் அம்மிணி, மாட்டுப்பால் நாலு, எருமப்பால் ஏழுன்னு நீங்கதானுங்க நேத்து டெஸ்ட் எடுத்துச் சொன்னீங்க? நடுவுல அஞ்சரை வரோணுமே?” என்றார். ஏமாற்றுகிறேன் என்று நினைத்துவிட்டார். ஃபேட்டைப் பொறுத்துத்தானே காசு, அவருக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை. பால் எவ்வளவு என்று கேட்டேன். பசு 8 லிட்டர், எருமை 2 லிட்டர். சுவரில் சாக்பீஸால் எழுதிக் காட்டினேன். எட்டு நாலு 32, இரண்டு ஏழு 14, ஆக 46. பத்து லிட்டருக்கு 46 என்றால் 4.6. எது அதிகமோ அதன் பக்கம்தான் சராசரி சாயும். அவர் கேட்டுக்கொண்டு போய், மறுநாளிலிருந்து இரண்டையும் தனித்தனிப் பாத்திரத்தில் கொண்டுவந்தார்.

எதில் நூறு என்று அத்தனை அழகாகக் கேட்கத் தெரிந்த வாத்தியார், சராசரியில் எத்தனை லிட்டர் என்று கேட்காமல் விட்டது எனக்கு மனதுக்கு ஆகவில்லை. இந்தப் பால் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்துக் கடையிலேயே அவரைப் பார்த்தேன். வெள்ளை வேட்டி, மஞ்சப்பை, எழுபதைத் தாண்டியவர். “ஏனுங் அம்மிணி, அந்தப் பால் கணக்கு நீங்கதானுங்களா? லிட்டர் போடாம அந்தக் கேள்வி நிக்காதுங்க. அடுத்த அச்சுல உங்க கணக்கையே சேத்தறனுங்க” என்றார். இன்னும் ஒன்று கேட்டார்: “ஈரத்துல எத்தன பிள்ளைங்க இருபத்தெட்டு போட்டாங்கன்னு தெரியோணுமுங்க. உங்க பொண்ணு?” போட்டாள் சார் என்றேன். நோட்டை எடுத்து ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று சொல்லிவிடுகிறேன். வாய்ப்பாடும் பின்னமும் இன்னும் தடுமாறும் பிள்ளைக்கு இதைக் கொடுத்தால் பயம்தான் மிஞ்சும், முதலில் அதைச் சரிபண்ணுங்கள். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு எழுதப்போகிற பிள்ளைக்கு இது மட்டும் போதாது. அந்தத் தேர்வில் இரண்டு வினாத்தாள், ஒவ்வொன்றிலும் 90 கேள்வி, 90 நிமிடம். உதவித்தொகைக்குத் தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை மாசம் 1000 ரூபாய் கிடைக்கும், நாலு வருடத்துக்கு 48,000. எங்கள் மாதிரிக் குடும்பத்துக்கு அது பெரிய காசு, பாப்பாவையும் அடுத்த வருடம் எழுதவைக்கப் போகிறேன். அதற்குக் கடிகாரம் வைத்துக் குறித்த நேரத்துக்குள் போடுகிற பயிற்சி வேண்டும், இந்தக் கட்டில் அது கிடையாது. கணக்குப் போடத் தெரிந்தும் எதை எதால் வகுப்பது என்று முழிக்கிற பிள்ளைக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக் கொடுக்கலாம்.

ஒரு நாளைக்கு ஒரு தாள் போதும். இரண்டு தாள் போட்டால் கோட்டை யோசிக்காமல் நிரப்ப ஆரம்பித்துவிடுகிறார்கள், நான் பார்த்துவிட்டேன். பக்கத்தில் பெரியவர்கள் யாராவது உட்கார வேண்டும். சொல்லிக்கொடுக்கத் தெரிய வேண்டியதில்லை. “எதுல நூறு?” என்று கேட்டால் மட்டும் போதும். என் மாமனார் அதை நன்றாகச் செய்தார்.

இரண்டு கட்டாக வாங்கினால் 10 சதவீதம் குறைத்து 288 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். போன ஞாயிறு சத்தியமங்கலத்தில் இருக்கும் தங்கச்சி மகனுக்கும், சொசைட்டிக்குப் பால் ஊற்றும் அந்த அம்மாவின் பேத்திக்கும் சேர்த்து இரண்டு வாங்கினேன். 55ஆவது தாளில் “8 லிட்டர், 2 லிட்டர்” என்று பேனாவால் எழுதித்தான் கொடுத்தேன்.